விலகிய பிள்ளையைத் தேடிச் செல்லும் பணி

2010க்கும் 2019க்கும் இடையில் லண்டன் மாநகரத்து இளைஞர் மன்றங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மூடப்பட்டன. உள்ளாட்சிகளுக்கு வரும் நிதியை அரசு குறைத்தபோது, சட்டம் கண்டிப்பாகக் கேட்காத செலவுகள்தான் முதலில் வெட்டுப்பட்டன. மூடப்பட்ட மன்றங்களில் பாடநூல் இருந்ததில்லை; வகுப்போ தேர்வோ நடந்ததில்லை. ஒரு கூடம், மேசைப்பந்துப் பலகை, சின்னச் சமையலறை, ஓரிரு இசைக்கருவிகள், மாலை நேரத்தில் அங்கே இருக்கும் இரண்டு மூன்று பெரியவர்கள். பெரும்பாலான மன்றங்களின் சொத்து அவ்வளவுதான்.

லண்டனில் உள்ள நிதியியல் ஆய்வுக் கழகம் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பொருளியல் ஆய்வாளர் கார்மென் வில்லா செய்தது. நடந்து போகும் தூரத்தில் இருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். மன்றத்தை இழந்த பகுதிகளில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் மதிப்பெண்கள், ஒரு பாடத்தில் அரைத் தரநிலை அளவுக்குச் சரிந்திருந்தன. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளிடம் சரிவு ஒரு முழுத் தரநிலையையும் தாண்டியது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது. மன்றத்தை மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் ஏறத்தாழ மூன்று பவுண்டு இழந்தது என்பது அவர் போட்ட கணக்கு.

பாடமே நடத்தாத ஓர் இடத்தை மூடினால் பள்ளி மதிப்பெண் ஏன் சரிய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பள்ளியிலிருந்து மனம் விலகிய பிள்ளைகளிடம் இளைஞர் பணி என்ன செய்கிறது என்பது தெரியும். என் விடை இது: பள்ளியை விட்டு விலகும் பிள்ளை முதலில் இழப்பது பாடத்தை அல்ல, தான் நம்பக்கூடிய ஒரு பெரியவரை. அந்த நம்பிக்கையைத் திரும்ப உண்டாக்குவதே இளைஞர் பணியின் சாரம். பிள்ளை விரும்பினால் வரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்ற சுதந்திரத்தில்தான் அது உண்டாகிறது. இங்கிலாந்தின் 80 ஆண்டுக்கால அனுபவம் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அங்கே ஆண்ட அரசுகள் இதைத் திரும்பத் திரும்ப மறந்தும் இருக்கின்றன.

விலகுவோர் யார்?

இங்கிலாந்தில் 2018–19 கல்வியாண்டில் பள்ளி நேரத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் இருந்த மாணவர்கள் 10.9 விழுக்காடு. கொரோனாவுக்குப் பின் 2021–22இல் இது 22.5 விழுக்காடு ஆனது; 2023–24இலும் 20 விழுக்காட்டில் நின்றது. அதே 2023–24இல் பள்ளிகள் ஏறத்தாழ 10,900 பிள்ளைகளை நிரந்தரமாக வெளியேற்றின. தற்காலிக நீக்கங்கள் ஒன்பதரை இலட்சத்தைத் தாண்டின. 2024 இறுதியில் பிரிட்டன் முழுவதிலும் படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத 16–24 வயதினர் 10 இலட்சத்தை நெருங்கினார்கள்.

இந்த எண்ணிக்கைக்குள் ஒரே வகைப் பிள்ளைகள் இல்லை. நோயாளித் தாயைக் கவனித்துக்கொள்ளும் சிறுமி இருக்கிறாள். கேலிக்கும் அடிக்கும் அஞ்சி வீட்டிலேயே அடைந்து கிடப்பவன் இருக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறி, அது வெளியே தெரியாமல் இருக்க வகுப்பில் வம்பு செய்து வெளியே அனுப்பப்படுபவன் இருக்கிறான். வகுப்பில் உடலாக உட்கார்ந்திருந்தும் மனத்தால் என்றோ வெளியேறிவிட்டவர்களும் உண்டு. வருகைப் பதிவேட்டில் இந்தக் கடைசிக் கூட்டம் அகப்படுவதே இல்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிடுவது எளிது. பால் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட 'லேர்னிங் டு லேபர்' அப்படித் தள்ளவிடாமல் செய்த நூல். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்துப் பள்ளியில், 12 தொழிலாளர் குடும்பத்துப் பையன்களோடு அவர் நெருங்கிப் பழகி எழுதினார். பள்ளி தங்களுக்குத் தரும் வாக்குறுதி தங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் நிறைவேறுவது அபூர்வம் என்று அந்தப் பையன்கள் கண்டுகொண்டிருந்தார்கள். ஆசிரியரை எதிர்ப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதமே அவர்களை அப்பன் வேலை பார்த்த தொழிற்சாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் வில்லிஸ் கண்ட சோகம்.

அடுத்த பத்தாண்டில் அந்தத் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. 1988இல் வேலையற்ற 16, 17 வயதினரில் பெரும்பாலோருக்கான அரசு உதவித்தொகையும் நின்றது. பள்ளியை விட்டவனுக்குப் போக இடம் இல்லாமல் போனது. வில்லிஸின் பையன்கள் பள்ளியிலிருந்து விலகி ஒரு வேலைக்குள் போனார்கள். இன்றைய பையன் விலகிப் போவது பல நேரம் வெறுமைக்குள்.

தேடிப் போகக் கற்றுக்கொண்ட கதை

இங்கிலாந்தில் இளைஞர் பணி அரசின் பொறுப்பானது 1939 நவம்பரில். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய மூன்றாம் மாதம், 14 வயதில் பள்ளியை முடித்துவிட்டுத் தெருவில் நிற்கும் பிள்ளைகளைக் கருத்தில் கொண்டு, கல்வி வாரியம் 1486 என்ற எண்ணுள்ள சுற்றறிக்கையை அனுப்பியது. உள்ளாட்சிகளும் தொண்டு அமைப்புகளும் கைகோத்து இளைஞர் சேவையை நடத்த வேண்டும் என்றது அது.

அந்தச் சேவைக்கு ஒரு கல்விக் கொள்கை தந்தவர்களில் முதன்மையானவர் ஜோசபின் மெக்கலிஸ்டர் புரூ. 1946இல் வந்த 'இன்ஃபார்மல் எஜுகேஷன்' என்ற நூலில், பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்யும் காரியத்திலிருந்துதான் கல்வி தொடங்க வேண்டும் என்று அவர் வாதாடினார். நடனமாட வருகிறவர்களிடம் நடனத்திலிருந்து தொடங்கு. தேநீர் குடித்தபடி வம்பளக்க வருகிறவர்களிடம் அந்தப் பேச்சிலிருந்தே தொடங்கு என்பது அவருடைய வழி.

1958இல் அல்பமார்ல் சீமாட்டி தலைமையில் அமைந்த குழு 1960 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை பதின்பருவத்தை எட்டிக்கொண்டிருந்தது. கட்டாய இராணுவச் சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. நிதியும் கவனமும் இன்றி இளைஞர் சேவை நலிந்து கிடப்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. புதிய கட்டடங்கள், முழுநேரப் பணியாளர்களை 700இலிருந்து 1,300 ஆக உயர்த்துதல், அவர்களுக்கென ஒரு பயிற்சிக் கல்லூரி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. லெஸ்டரில் 1961இல் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டது.

கட்டடம் எழுந்தது, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அதற்குள் வந்துவிடவில்லை. மன்றத்தின் விதிகளும் பெரியவர்களின் தொனியும் பள்ளியையே நினைவூட்டியதால் பலர் வாசலோடு திரும்பினார்கள். இவர்களைப் புரிந்துகொள்ள தேசிய இளைஞர் மன்றச் சங்கம் 1960இல் ஒரு சோதனையில் இறங்கியது. மூன்று ஊர்களுக்கு மூன்று பணியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குக் கட்டடம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. காபி பார்களிலும் மதுக்கூடங்களிலும் பிள்ளைகள் கூடும் தெருமுனைகளிலும் நேரத்தைக் கழித்து, மெல்ல மெல்லப் பழக்கம் ஏற்படுத்திக்கொள்வதுதான் வேலை. மூன்றாண்டு அனுபவத்தை மேரி மோர்ஸ் 1965இல் 'தி அன்அட்டாச்ட்' என்ற நூலாக எழுதினார். ஊர்ப் பெயர்களை மாற்றி, பணியாளர்களின் பெயரை மறைத்து எழுதப்பட்ட அந்தச் சிறு நூல் ஒரு தலைமுறைப் பணியாளர்களுக்குக் கையேடானது.

அந்த நூல் ஓர் அறச்சிக்கலையும் விட்டுச் சென்றது. தாங்கள் யார் என்பதைத் தொடக்கத்தில் அந்தப் பணியாளர்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. உண்மையை மறைத்து நம்பிக்கையைக் கட்டலாமா? பின்வந்தவர்கள் கூடாது என்று முடிவுசெய்தார்கள். இன்று தெருவில் இறங்கும் பணியாளர் தான் யார், எங்கிருந்து வருகிறார் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறார்.

தெருமுனையில் நடப்பது

தெருவில் பிள்ளைகளைத் தேடிச் செல்லும் பணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பணியாளர்கள் இருவராகப் போவார்கள். வாரத்தின் அதே நாட்களில், அதே நேரத்தில், அதே தெருக்களில் நடப்பார்கள். முதல் சில வாரங்கள் பார்ப்பது மட்டுமே வேலை. கோழிக்கறிக் கடை வாசலில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேர்கிறது, மழை பெய்தால் எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு நகர்கிறது, பள்ளி நேரத்தில் பூங்காவில் உட்கார்ந்திருப்பது யார் என்று கவனிப்பார்கள். கடைக்காரரிடம் அறிமுகம் செய்துகொள்வார்கள். பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு வணக்கம், தாங்கள் யார் என்று இரண்டு வரி, அவ்வளவுதான். பேச விருப்பமில்லை என்று தெரிந்தால் நகர்ந்துவிடுவார்கள். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவார்கள்.

இந்த மறுபடி வருதலில்தான் எல்லாம் இருக்கிறது. விலகிய பிள்ளைகள் பலருக்குப் பெரியவர்கள் வந்து வந்து போனவர்கள். பாதி ஆண்டில் மாறிப்போன ஆசிரியர், மூன்று சந்திப்புக்குப் பின் கோப்பை மூடிய சமூகநல அலுவலர், இன்னொரு ஊருக்கு மாற்றலான ஆலோசகர். போன வாரம் சொன்ன ஒரு சின்னச் செய்தியை நினைவில் வைத்து, தம்பிக்கு ஆஸ்துமா தேவலையா என்று இந்த வாரம் ஒருவர் கேட்கும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான். இங்கே 'சார்', 'மிஸ்' கிடையாது; பணியாளரைப் பிள்ளைகள் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். மதிப்பெண் போடவோ தண்டிக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அதனால்தான் அவர் சொல்வது காதில் ஏறுகிறது.

பள்ளிப் பேச்சு வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதைப் பெரும்பாலும் பிள்ளையே எடுக்கிறான். பையில் கசங்கிக் கிடந்த ஒரு கடிதத்தை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறான். தற்காலிக நீக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்புமுன் தலைமையாசிரியரையும் பெற்றோரையும் வைத்து நடக்கும் கூட்டத்துக்கான அழைப்பு அது. பணியாளர் அதை வாசித்துச் சொல்வதோடு நிற்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நீ என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்கிறார். முதலில் வருவது வசை. அதை வெட்டாமல் கேட்டுவிட்டு, இதில் அவர்கள் காதில் ஏறக்கூடியது எது என்று இருவருமாகப் பிரித்தெடுக்கிறார்கள். கடைசியில் ஒரு தாளில் மூன்று வரி மிஞ்சுகிறது: எந்த வகுப்பில் தொல்லை தொடங்குகிறது, யாரோடு உட்கார வைக்க வேண்டாம், கோபம் வந்தால் ஐந்து நிமிடம் வெளியே நிற்க அனுமதி உண்டா. பையன் ஒத்துக்கொண்டால் பணியாளர் கூட்டத்துக்கும் போகிறார். மேசையில் அவர் உட்காரும் இடம் பையனின் பக்கம். பேச வேண்டியதைப் பையனே பேசுகிறான். வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தம் வரை நடந்துகொண்டே, எது நன்றாகப் போனது, எங்கே பொறுமை இழந்தாய் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதில் நடந்த கல்வியைக் கவனிக்க வேண்டும். கோபத்தைச் சொல்லாக மாற்றுவது, எதிராளியின் நோக்கை ஊகிப்பது, வாதத்தைச் சுருக்குவது, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது ஆகிய நான்கையும் அந்தப் பையன் தன் தேவைக்காகவே கற்றிருக்கிறான். மன்றத்தின் சமையலறையில் இருபது பேருக்குச் சாப்பாட்டுச் செலவைக் கணக்கிடும் சிறுமியும், பாட்டு எழுதிப் பதிவு செய்யும் பையனும் இதே போலக் கற்கிறார்கள். லண்டனில் மன்றங்கள் மூடப்பட்டபின் மதிப்பெண் சரிந்ததற்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுகிறேன். மாலையில் பாதுகாப்பாக இருக்க ஓர் இடமும், சிக்கல் முற்றுமுன் கவனித்துக் கேட்கும் ஒரு பெரியவரும் போனபின், காலையில் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை பழைய பிள்ளையாக இல்லை.

எண்ணத் தொடங்கிய அரசு

1999இல் பிரிட்டிஷ் அரசின் சமூக விலக்கப் பிரிவு 'பிரிட்ஜிங் தி கேப்' என்ற அறிக்கையை வெளியிட்டது. 16–18 வயதினரில் 1,61,000 பேர், அதாவது 9 விழுக்காட்டினர், படிப்பிலும் வேலையிலும் பயிற்சியிலும் இல்லை என்று அது அறிவித்தது. அதையொட்டிய ஆண்டுகளில் இரண்டு திட்டங்கள் வந்தன.

ஒன்று, கல்வி பராமரிப்பு உதவித்தொகை. 16 வயதுக்குப் பின்னும் படிப்பைத் தொடரும் ஏழைப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்டு வரை நேரடியாகக் கையில் தரப்பட்டது. முன்னோட்டப் பகுதிகளில் முழுநேரப் படிப்பில் தொடர்வோர் ஏறத்தாழ 4.5 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினார்கள். 2004இல் நாடெங்கும் வந்த இந்தத் தொகை 2011இல் இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இன்றும் தொடர்கிறது.

மற்றொன்று, 2001இல் தொடங்கிய கனெக்ஷன்ஸ் சேவை. 13–19 வயதினர் ஒவ்வொருவருக்கும் ஆலோசகரின் துணை கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் அதன் வெற்றி, மூன்றிலும் இல்லாதோர் எண்ணிக்கையை எவ்வளவு குறைத்தது என்பதைக் கொண்டு அளக்கப்பட்டது. இலக்கும் கெடுவும் வைத்துவிட்டால், எளிதில் வேலைக்கோ படிப்புக்கோ அனுப்பக்கூடிய பிள்ளையின் பக்கம் ஆலோசகரின் நேரம் சாய்வது இயல்பு. ஓராண்டு பொறுத்திருந்தால் மட்டுமே வாய் திறக்கும் பிள்ளை பட்டியலின் அடியில் தங்கிவிடுகிறான்.

இளைஞர் சேவைக்கும் 2002 முதல் எண்கள் வந்தன. பகுதியில் உள்ள 13–19 வயதினரில் 25 விழுக்காட்டினரை எட்ட வேண்டும். 15 விழுக்காட்டினர் தொடர்ந்து பங்கேற்க வேண்டும். அவர்களில் 60 விழுக்காட்டினருக்குப் பதிவு செய்யத்தக்க பலனும் 30 விழுக்காட்டினருக்குச் சான்றிதழ் பெறும் பலனும் கிடைக்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடும் எந்தப் பணியும் கணக்குக் காட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தெருமுனையில் பேச வாய் திறந்த பையனிடம் படிவத்தை நீட்டினால், தன்னைப் பார்க்க வந்தவர் எதற்காக வந்தார் என்ற சந்தேகம் அவனுக்குப் பிறக்கிறது. பள்ளியில் எந்த உறவிலிருந்து ஓடினானோ அதே உறவு இங்கேயும் வந்து நிற்கிறது.

2000இல் தொடங்கிய இளைஞர் உள்ளடக்கத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏழைக் குடியிருப்புகளில், குற்றத்தில் விழக்கூடும் என்று கருதப்பட்ட 50 பிள்ளைகளைப் பெயர் குறித்து அவர்களிடம் கவனத்தைக் குவித்தது. தேவை அதிகம் உள்ளவருக்கு அதிகம் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாரும் வரும் கூடத்துக்கு வருவது ஒன்று; சிக்கலான பிள்ளை என்று குறிக்கப்பட்டதால் அழைக்கப்படுவது வேறு. பின்னது, பள்ளி ஏற்கெனவே ஒட்டிய முத்திரையை இன்னொரு முறை குத்துகிறது. இந்தப் போக்குகளை எதிர்த்துப் பணியாளர்களும் ஆய்வாளர்களும் 2009இல் 'இன் டிஃபென்ஸ் ஆஃப் யூத் ஒர்க்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிள்ளை தன் விருப்பத்தால் வருவதே பணியின் அடித்தளம் என்பது அவர்களின் முதல் கோரிக்கை.

2010க்குப் பின் அந்த விவாதத்துக்கே இடமில்லாமல் போனது. ஒய்எம்சிஏ கணக்கின்படி, இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் இளைஞர் சேவைக்குச் செலவிடும் தொகை 2010–11இலிருந்து 73 விழுக்காடு சரிந்தது. உள்ளாட்சிகள் நடத்திய 1,243 இளைஞர் மையங்கள் 2010க்கும் 2023க்கும் இடையில் மூடப்பட்டதாக யூனிசன் தொழிற்சங்கம் கணக்கிட்டது. அதே காலத்தில் 16, 17 வயதினரைச் சில வாரப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் தேசியக் குடிமக்கள் சேவைக்கு அரசு பெரும்பணம் கொட்டியது. 2025இல் அதுவும் மூடப்பட்டது. சில வாரத் திட்டம் நல்ல அனுபவத்தைத் தரலாம். வியாழக்கிழமைதோறும் திரும்பி வரும் ஒருவரின் இடத்தை அது நிரப்பாது.

சட்டம் எங்கே நிற்க வேண்டும்?

பின்லாந்து வேறொரு பாதையைக் காட்டுகிறது. தேடிச் செல்லும் இளைஞர் பணியை 2011இலிருந்து அந்நாடு சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 29 வயதுக்கு உட்பட்டவர்கள் அதன் எல்லைக்குள் வருகிறார்கள். படிப்பைப் பாதியில் விடும் இளைஞரின் தொடர்பு விவரத்தை இளைஞர் பணியாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பைச் சட்டம் கல்வி நிறுவனத்தின் மீது வைக்கிறது. பணியாளர் அவரைத் தொடர்புகொள்கிறார். உதவியை ஏற்பதும் மறுப்பதும் இளைஞரின் விருப்பம்.

இந்த அமைப்பில் கட்டாயம் நிறுவனங்களின் தலையில் இருக்கிறது; விருப்பம் பிள்ளையிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் நேர்மாறு. அங்கே 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்ற கடமை 2015 முதல் பிள்ளையின் மீது முழுமையாக விழுந்தது. இளைஞர் சேவையை அளிக்க வேண்டிய உள்ளாட்சிக்கோ, இயன்ற அளவு செய்தால் போதும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 507பி பிரிவு இடம் விடுகிறது. அந்த 'இயன்ற அளவு' என்ற இடைவெளி வழியாகத்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் மறைந்தன.

இளைஞர் பணியால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. வீட்டு வாடகை கட்ட முடியாத குடும்பத்துக்கு உரையாடல் பணம் ஆகாது. அங்கே 30 பவுண்டு உதவித்தொகைதான் பேசும். சின்னத் தவறுக்கும் வெளியே அனுப்பும் பள்ளி, தன் விதிகளைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு மாற்றாக வாசலில் ஒரு பணியாளரை நிறுத்துவது போதாது. வேலையே இல்லாத ஊரில் தன்னம்பிக்கை மட்டும் வளர்வது கொடுமையாகவும் முடியலாம்.

ஆனால் உதவித்தொகையோ திருந்திய பள்ளியோ வேலையோ, எதுவாயினும் அதைப் பிள்ளை நம்பிக் கைநீட்டி வாங்க வேண்டும். பலமுறை ஏமாந்தவன் கைநீட்டத் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தைக் கரைப்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. அதற்குப் பயிற்சியும் நிலையான சம்பளமும் உள்ள ஆட்கள் வேண்டும். இங்கிலாந்தில் இளைஞர் பணியாளராக முழுத்தகுதி பெற இன்று பட்டப்படிப்பு தேவை. அப்படிப் படித்து வந்தவரை ஆறு மாத நிதியில் அமர்த்திவிட்டு அனுப்புவது, வந்து வந்து போன பெரியவர்களின் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதாகும்.

ஆகவே ஓர் அரசு இந்தப் பணியில் உண்மையாக இறங்க விரும்பினால், அது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. பள்ளியை விட்டு ஒரு பிள்ளை விலகினால் அதை அறிந்து தேடிப் போகும் பொறுப்பு சட்டப்படி யாருடையது? தேடிப் போகிறவர் மூன்றாண்டு கழித்தும் அதே தெருவில் இருப்பாரா? பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், அதை மதித்து அடுத்த வாரமும் போகும் சுதந்திரம் அவருக்கு உண்டா? மூன்றுக்கும் தெளிவான விடை இருக்கும் ஊரில், எத்தனை பிள்ளைகள் படிப்புக்குத் திரும்பினார்கள் என்று பிறகு எண்ணிக்கொள்ளலாம். விடை இல்லாத ஊரில், வைக்கும் இலக்கு எதுவானாலும் அதை எட்டிக் காட்டுபவர்கள் எளிதில் திரும்பக்கூடிய பிள்ளைகளாகவே இருப்பார்கள். யாருக்காக இந்தப் பணி தொடங்கப்பட்டதோ அவர்கள் கணக்குக்கு வெளியேதான் நிற்பார்கள்.